எப்போதும்வென்றான் டு பெரியகுளம்!
பி.காம். பையனும் ஒரு முருங்கைக்காயும்

உங்க காலேஜ்ல அந்த ஃபார்ம் வந்திருச்சா பாஸ்? அதாங்க... ‘மேஜர் தவிர வேற டிபார்ட்மென்ட் பேப்பர் ஒண்ணை செலக்ட் பண்ணவும்’னு ஒரு பேப்பரை நீட்டி, பத்து நிமிஷத்துல டிக் அடிச்சுக் குடுன்னு கேட்பாங்களே, அந்த ஃபார்ம்! நம்ம ஊர் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் காலேஜ்கள்ல அதுக்குப் பேர் என்.எம்.இ. 2022 டிசம்பர்ல யு.ஜி.சி. வெளியிட்ட நாலு வருஷ டிகிரி வழிகாட்டியில இன்னும் கொஞ்சம் பெரிய அளவுல, ‘மைனர்’னே பேர் வெச்சு இதைச் சேர்த்திருக்காங்க. பேர் எதுவா இருந்தாலும் நம்ம பசங்க செலக்ட் பண்ற முறை ஒண்ணுதான். ‘எதுலடா ஈஸியா மார்க் போடுறாங்க?’

நானும் அப்படித்தான். மதுரையில ஒரு காலேஜ்ல பி.காம். ரெண்டாம் வருஷம். பாட்டனி டிபார்ட்மென்ட் தந்த தோட்டக்கலை பேப்பருக்கு டிக் அடிச்சேன். காரணம் ரெண்டு. ஒண்ணு, சீனியர் அண்ணன், ‘ரோஜாப்பூ படம் வரைஞ்சா பாஸ்டா’ன்னு சத்தியம் பண்ணினார். ரெண்டு, அந்த பேப்பர்ல ஒரு நாள் டூர் உண்டு. பெரியகுளம்! ‘கும்பக்கரை அருவியில குளிக்கலாம்’கிற வதந்தி வேற.

அந்த ஒரு நாள் டூரைப் பத்தித்தான் உங்ககிட்ட சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி என்னைப் பத்தி ஒரு சின்ன அவமானக் கதை... கேட்டுக்கோங்க.

பேர்ல மட்டும் ஜெயம்!

எங்க கிராமம் எப்போதும்வென்றான் பக்கம். சிரிக்காதீங்க, அது நிஜமாவே ஒரு ஊர்! மதுரையிலிருந்து தூத்துக்குடி போற நாலுவழிச் சாலையில பாரதி பிறந்த எட்டயபுரத்தைத் தாண்டினா வரும். சுத்தியும் கரிசல் பூமி. மழை பெஞ்சா கால் வைக்க முடியாது, பெய்யலைன்னா பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். நடுவுல சீமைக்கருவேல மரம்.

காலேஜ் சேர்ந்த முதல் நாள், ‘எந்த ஊர் தம்பி?’ன்னு சார் கேட்க, நானும் வெகுளியா சொல்லிட்டேன். கிளாஸே கொல்லுன்னு சிரிச்சது. முதல் செமஸ்டர்ல நான் ஒரு அரியர் வைக்க, பேர் ‘எப்போதும்தோற்றான்’ ஆயிருச்சு. ஹாஸ்டல் மெஸ் அக்கா வரைக்கும் அந்தப் பேர் பரவினது தனி சோகம். அப்புறம் யார் ஊர் கேட்டாலும் ‘தூத்துக்குடி’ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன்.

வீட்டு நிலவரமும் அப்ப சரியில்லை. எங்களுக்கு இருந்தது ரெண்டே ஏக்கர். கிணத்துல தண்ணி இருக்கிற மாசம் கொஞ்சம், இல்லாத மாசம் அதிகம். அக்கா கல்யாணம் நெருங்கிக்கிட்டிருந்தது. ‘வித்துருவோம்லே’ன்னு அப்பா முடிவே பண்ணிட்டார். புரோக்கர் அட்வான்ஸோட வீட்டுக்கும் தோட்டத்துக்குமா நடந்துக்கிட்டிருந்தார். எனக்கு அதுல பெரிய வருத்தம் எதுவும் இல்லைங்கிறதையும் ஒளிக்காம சொல்லிடறேன். கடனை அடைச்ச மாதிரி இருக்கும்னுதான் நினைச்சேன். நான்தான் அக்கவுன்ட்ஸ் படிக்கிறவனாச்சே!

பஸ்ஸுலேயே பாடம்!

2017 ஜூலை. காலையில ஆறு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டுல கானா கச்சேரி ஆரம்பிச்சாச்சு. நிலக்கோட்டை வந்ததும் பாட்டனி மேம் பாட்டை நிறுத்தச் சொல்லி, ‘ஜன்னலுக்கு வெளியே பாருங்க’ன்னாங்க. மூட்டை மூட்டையா பூ. நாம ‘மதுரை மல்லி’ன்னு பெருமையடிக்கிறோமே, 2013-ல புவிசார் குறியீடு வாங்கின அந்த மல்லி மதுரை டவுன்ஹால் ரோட்டுல பூக்கிறதில்லை. இந்த நிலக்கோட்டை மாதிரி சுத்துப்பட்டு ஊர்கள்லதான் பூக்குது.

அடுத்து வத்தலக்குண்டு. வெத்தலைக் கொடிக்கால், வாழை, தென்னை. அங்கிருந்து கொஞ்ச தூரத்துல காட்ரோடு. அதுல வலது பக்கம் திரும்பினா கொடைக்கானல். அந்த மலையில பூண்டு, பிளம்ஸ், பேரிக்காய். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சிருச்சு. நாங்க திரும்பாம நேரா போனோம். தேவதானப்பட்டி தாண்டினதும் ரோட்டோரம் மாந்தோப்பு ஆரம்பிச்சது. மலை கூடவே வருது, தோப்பும் கூடவே வருது.

‘இவ்வளவு நேரம் நீங்க பார்த்ததுதான் உங்க சிலபஸ்’னாங்க மேம். பூ, காய், பழம், வாசனைப்பயிர், மலைத்தோட்டப்பயிர், மூலிகை... இதெல்லாம் சேர்ந்தது தோட்டக்கலை. நெல்லும் கம்பும் வயல் பயிர், அது வேளாண்மை. அவ்வளவுதான் வித்தியாசம். மூணு மாசமா கிளாஸ்ல புரியாதது ஒரு பஸ் ஜன்னல்ல புரிஞ்சது. நீங்களும் எப்பவாவது மதுரையிலிருந்து அந்த ரூட்ல போனா, செல்போனை உள்ளே வெச்சுட்டு ஜன்னலோரம் உட்காருங்க. டிக்கெட் காசுலேயே பாதி பேப்பர் முடிஞ்சிரும்.

கத்தி எடுத்தா தெரியும்!

பெரியகுளத்துல இருக்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட தோட்டக்கலைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும். முதல்ல 1957-ல பழ ஆராய்ச்சி நிலையமா ஆரம்பிச்சது. 1990-ல கல்லூரியும் வந்துச்சு. மேற்குத் தொடர்ச்சி மலை பின்னாடி சுவர் மாதிரி நிக்க, முன்னாடி கண்ணுக்கு எட்டின தூரம் மரம். ‘காலேஜ்னா இப்படி இருக்கணும்டா’ன்னு எங்க குரூப்ல எல்லாருமே பெருமூச்சு விட்டோம்.

முதல் பாடம் மாங்கன்று ஒட்டுக்கட்டுறது. ஒரு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்க. அருமையான இமாம்பசந்த் சாப்பிடுறீங்க. கொட்டையை வீட்டுக்குப் பின்னாடி ஊனி வைக்கிறீங்க. என்ன மரம் வரும்? ‘இமாம்பசந்த்’னு சொன்னீங்கன்னா நீங்க எங்க செட்! வராதாம். பூவுல எந்த மரத்து மகரந்தம் வந்து சேர்ந்துச்சோ, அந்தக் கலப்பும் கொட்டைக்குள்ள இருக்கும். புளிக்கிற மரமாவும் வரலாம், காய்க்கவே பல வருஷம் ஆக்கலாம். அதனாலதான் ஒட்டு. கொட்டையில முளைச்ச கன்றுக்கு வேர்ச்செடின்னு பேர். அதோட தலையை வெட்டிட்டு, நல்ல தாய்மரத்துக் குச்சியை அது மேல பொருத்திக் கட்டணும். வேர் ஒருத்தர், தலை இன்னொருத்தர்!

கேட்க ஈஸியா இருக்கில்ல? கத்தியைக் கையில குடுத்தாங்க. கன்றும் குச்சியும் பென்சில் கனத்துல ஒரே அளவா இருக்கணும். கன்றோட தண்டை நடுவுல பிளக்கணும். குச்சியோட அடியை ரெண்டு பக்கமும் ஆப்பு மாதிரி சீவணும். ஒரே சீவல்தான், தடவித் தடவி சீவக் கூடாது. பட்டைக்குக் கீழே பச்சையா, ஈரமா ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும். அதுதான் வளர்ற இடம். கன்றோட பச்சையும் குச்சியோட பச்சையும் ஒட்டி நிக்கணும். அப்புறம் பாலிதீன் நாடாவால இறுக்கிக் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் உறை மாட்டணும்.

நான் சீவினதைப் பார்த்துட்டு அங்கே நாற்றங்கால்ல வேலை பார்க்கிற அக்கா சிரிச்சாங்க. ‘ஏப்பா, பல்லு குத்துறதுக்கா சீவுற?’

அந்த அக்கா ஒரு கன்று கட்டுறதுக்குள்ள நான் கத்தியைத் துடைச்சுக்கூட முடிக்கலை. பக்கத்துல ஒருத்தன் விரலைக் கிழிச்சுக்கிட்டான். ‘உனக்கு ரத்தம் வருது, கன்றுக்குப் பால் வருது, அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டையும் சீக்கிரம் கட்டணும்’னு அந்த அக்கா துணியைக் கிழிச்சு அவன் விரலைக் கட்டினாங்க. நான் மூணு கன்று கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூணு வாரத்துல ரெண்டு கறுத்துப் போச்சு. ஒண்ணு மட்டும் செம்பு நிறத்துல துளிர் விட்டுச்சு. அன்னிக்கு வந்த சந்தோஷம், சத்தியமா சொல்றேன், அரியர் கிளியர் ஆன அன்னிக்குக்கூட வரலை.

பஸ்ஸே திரும்பிப் பார்த்த நேரம்!

மத்தியானம் சாப்பிட்டுட்டு தூக்கக் கலக்கத்துல நடந்துக்கிட்டிருந்தோம். ஒரு வரிசையில குட்டை குட்டையா முருங்கை. எங்க ஊர்ல முருங்கைன்னா ஏணி போட்டு ஏறணும், இல்லைன்னா தொரட்டி வேணும். இங்கே நின்ன இடத்துல கை நீட்டிக் காய் பறிக்கலாம். ஒவ்வொரு காயும் ரெண்டு அடிக்கு மேல நீளம்!

எங்க கும்பல்ல ஒருத்தன் ‘முந்தானை முடிச்சு’ பாக்யராஜ் மாதிரி மூஞ்சியை வெச்சுக்க, எல்லாரும் சிரிச்சோம். விளக்கம் சொல்ல வந்த சாரும் சிரிச்சார். ‘1983-ல அந்தப் படம் முருங்கைக்குச் செஞ்ச விளம்பரத்தை நாங்ககூட செய்யலை தம்பி’ன்னார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

முன்னாடியெல்லாம் முருங்கைன்னா போத்து வெட்டி நடுறதுதான். யாழ்ப்பாண முருங்கை, மூலனூர் முருங்கைன்னு எல்லாம் வருஷக்கணக்குல நிக்கிற மரம். விதை போட்டா காய் எப்படி வரும்னு நிச்சயம் கிடையாது. அதனால ஒரு ஏக்கர், ரெண்டு ஏக்கர்னு முழுசா நட்டு விவசாயமா பண்றவங்க குறைவு. வீட்டுக்கு ஒண்ணு நிக்கும். கம்பளிப்பூச்சி வந்தா அதையும் வெட்டிப் போடுவாங்க.

இந்த நிலையத்துல, நாட்டு ரகம் ஒண்ணை எடுத்து, பூவுக்கு அதே செடியோட மகரந்தத்தையே சேர்த்து, நல்லதை மட்டும் பொறுக்கி, தலைமுறை தலைமுறையா வடிகட்டினாங்க. கடைசியில விதை போட்டாலே அச்சு அசலா ஒரே மாதிரி காய்க்கிற ரகம் கிடைச்சது. 1989-ல வெளியிட்டாங்க. பேர் பி.கே.எம்.-1. பெரியகுளத்தைச் சுருக்கினா பி.கே.எம்.! நட்டு மூணு மாசத்துல பூ, அஞ்சரை மாசத்துல காய். நல்லா கவனிச்சா ஒரு மரத்துல வருஷத்துக்கு 200 காய்க்கு மேல. காய்ச்சு முடிச்சதும் தரையிலிருந்து மூணு அடி விட்டு வெட்டிட்டா மறுபடி தழைக்கும். இப்படி மூணு வருஷம் வரைக்கும் பலன் எடுக்கலாம். இன்னிக்கு ஆப்பிரிக்காவுல, தென் அமெரிக்காவுல முருங்கை போடுறவங்கள்ல நிறைய பேர் தேடிப்பிடிச்சு வாங்குற விதை இந்த பி.கே.எம்.-1.

‘சரி, இது எந்த ஊர் நாட்டு ரகத்துலேர்ந்து வந்துச்சுன்னு சொல்லுங்க பார்ப்போம்?’னார் சார்.

‘யாழ்ப்பாணம்!’

‘இல்லை.’

‘மூலனூர்!’

‘இல்லைப்பா. தூத்துக்குடி பக்கம் ஒரு ஊர். எப்போதும்வென்றான்.’

நாப்பது தலை ஒரே நேரத்துல என் பக்கம் திரும்பிச்சு. ரெண்டு விநாடி சத்தமே இல்லை. அப்புறம் கைதட்டினாங்க பாருங்க! விசில் வேற. சாருக்கு ஒண்ணும் புரியலை. மேம் விளக்கிச் சொன்னதும் கிட்டே வந்து கை குடுத்தார். ‘உங்க ஊர் மரம்தான்ப்பா உலகம் பூரா நிக்குது’ன்னார்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். வரலை. ‘தூத்துக்குடி’ன்னு பொய் சொன்ன ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துக்கு வந்துச்சு. நாம வெட்கப்பட்டு மறைச்ச ஊர் பேரை, சம்பந்தமே இல்லாத ஒருத்தர் மரியாதையா உச்சரிக்கிறப்ப எப்படி இருக்கும்னு உங்கள்ல சிலருக்காவது தெரிஞ்சிருக்கும்.

அன்னிக்கு இன்னொண்ணும் தெரிஞ்சுக்கிட்டேன். இது எங்க ஊருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை. பி.கே.எம்.-1-னு ஒரு தக்காளி உண்டு. அது தேனி பக்கத்து அன்னஞ்சி ஊர் நாட்டுத் தக்காளியிலிருந்து உருவானது. ரகத்துக்கு வெறும் எழுத்தும் நம்பரும்தான் பேர். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு கிராமம் இருக்கு. அந்தக் கிராமத்துல தலைமுறை தலைமுறையா நல்ல மரத்தை வெட்டாம விட்ட யாரோ ஒரு ஆத்தா, தாத்தா இருக்காங்க. உங்க ஊர்ல என்ன இருக்குன்னு கேட்டுப் பார்த்திருக்கீங்களா?

‘ஏலே, அதுக்கா பெரியகுளம் போன?’

கும்பக்கரையில அன்னிக்குத் தண்ணி வரத்து அதிகம்னு குளிக்க விடலை. பசங்க எல்லாம் சோகமா பஸ் ஏற, நான் ஓரமா நின்னு அப்பாவுக்கு போன் போட்டேன். மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி.

‘ஏலே, வீட்டுக்குப் பின்னாடி ஒண்ணு நிக்குல்லா? அதைப் பாக்கதுக்கா பெரியகுளம் போன?’

‘அப்பா, நிலத்தை இப்ப விக்காதீங்க.’

‘அக்கா கல்யாணத்துக்கு முருங்கைக்காயையா மாலையா கட்டிப் போட?’

பஸ்ல வரும்போது நோட்டை எடுத்தேன். இங்கேதான் பி.காம். மூளை வேலை செய்ய ஆரம்பிச்சது. ரெண்டரை மீட்டருக்கு ரெண்டரை மீட்டர் இடைவெளின்னா ஏக்கருக்குச் சுமார் 640 செடி. செடிக்கு 200 காய்னா 1,28,000 காய்! காய் ஒரு ரூபாய்னு வெச்சாலும்... நான் துள்ளிக் குதிக்க, பக்கத்துல உட்கார்ந்திருந்த மேம் நோட்டை எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. ‘செலவு காலம் எங்கேப்பா? நீ காமர்ஸ்தானே?’

தண்ணி, எரு, பறிப்புக் கூலி, சந்தைக்கு வண்டி வாடகை, கமிஷன் எதையுமே எழுதலை. அதோட ‘செடிக்கு 200’கிறது தண்ணியும் கவனிப்பும் குறையாம இருந்தா. எங்க கிணறு எந்த மாசம் வத்தும்னு எனக்கே தெரியும். திருத்தி எழுதினப்ப ஒண்ணேகால் லட்சம் எங்கேயோ பறந்து போச்சு. ஆனா பூஜ்யமும் ஆகலை. ரெண்டு ஏக்கரையும் விக்கிறதா, ஒண்ணை மட்டும் வித்துட்டு ஒண்ணை வெச்சுக்கிறதான்னு பேச அது போதும். அந்த வாரம் ஊருக்குப் போய் அந்தக் கணக்கை அப்பா முன்னாடி விரிச்சேன். அக்காதான் முதல்ல வாயைத் திறந்தா. ‘ஒண்ணு போதும்ப்பா. நகையைக் குறைச்சுக்கலாம்.’

ஒரு ஏக்கர் போச்சு. கிணத்தோட இருந்த ஒரு ஏக்கர் நின்னுச்சு.

தோத்த கதையும் கேளுங்க!

இதுக்கப்புறம் முருங்கை போட்டு கோடீஸ்வரன் ஆயிட்டேன்னு முடிச்சா உங்களுக்கே நம்பிக்கை வராது. நடந்ததைச் சொல்றேன்.

‘செப்டம்பர்ல விதை போடுங்க’ன்னு சார் படிச்சுப் படிச்சு சொல்லி அனுப்பியிருந்தார். எனக்கு அவசரம். ஜூலை கடைசியிலேயே கிணத்தடியில 120 குழி தோண்டி, குழிக்கு ரெண்டு விதை போட்டாச்சு. என்ன ஆச்சு? அக்டோபர் கடைசியில வெள்ளை வெளேர்னு பூத்துச்சு. நான் போட்டோ எடுத்து கிளாஸ் முழுக்க அனுப்பினேன். நவம்பர் மழை வந்துச்சு. பூ மொத்தமும் தரையில. கரிசல் மண்ணுல தண்ணி வடியாம நிக்கும், முருங்கைக்கு வேர்ல தண்ணி தேங்கினா ஆகாது. பள்ளத்துல இருந்த 31 செடி அழுகிப் போச்சு. சார் ஏன் செப்டம்பர்னு சொன்னார்னு அப்ப புரிஞ்சது. அப்போ விதைச்சா கனமழை முடியிற நேரத்துலதான் பூ வரும்!

மறுபடி பூத்துக் காய்ச்சது கோடையில. ஆனா கோடையில எல்லார் தோட்டத்துலயும் முருங்கை. சந்தைக்கு மூட்டையைக் கொண்டுபோனா கிலோ அஞ்சு ரூபாய்க்குக் கேட்டாங்க. பறிப்புக் கூலிகூட தேறாது. சப்ளை கூடினா விலை குறையும்னு முதல் வருஷ எகனாமிக்ஸ் பேப்பர்ல நான் அழகா கோடு போட்டுக் காட்டி மார்க் வாங்கியிருக்கேன். அந்தக் கோடு மேல நானே மூட்டையோட நிப்பேன்னு நினைக்கலை. அப்பா ஒண்ணும் திட்டலை. மூட்டையில பாதியை வீதியில எல்லாருக்கும் குடுத்துட்டார். ஒரு வாரம் ஊரே முருங்கைக்காய் சாம்பார்!

‘முருங்கையை ஒடிச்சு வளர்க்கணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கணும்’னு சொல்வாங்க. பிள்ளை விஷயத்தை விடுங்க, அது தப்பு. முருங்கை விஷயம் நூத்துக்கு நூறு உண்மை. செடி ரெண்டரை அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளணும், அப்பதான் பக்கக் கிளை வரும். காய்ப்பு முடிஞ்சதும் வெட்டணும். மிச்சமிருந்த 89 செடியையும் மூணு அடி விட்டு வெட்டினோம். பள்ளத்துல மண் அணைச்சு மேடாக்கினோம். அடுத்த சீஸன்ல காய் குறைவுதான். ஆனா மழை மாசங்கள்ல சந்தையில காயே இல்லாத நேரமாப் பார்த்து எங்க காய் போச்சு. முதல் வருஷ நஷ்டம் அடைஞ்சது. 2019-ல என் கடைசி செமஸ்டர் பரீட்சை ஃபீஸ் முருங்கைக்காய் காசு.

சரி, இதனால என்ன லாபம்?

நியாயமான கேள்வி. முதல்ல ஒரு பொய்யை உடைச்சிடுவோம். ஒரு மைனர் பேப்பர் படிச்சா தோட்டக்கலைத் துறையில ஆபீசர் ஆக முடியாது. அதுக்கு நாலு வருஷ பி.எஸ்ஸி. தோட்டக்கலைப் படிப்பு இருக்கு. பெரியகுளத்துல சொல்லித் தர்றதும் அதுதான். அந்த ஆசை இருந்தா ப்ளஸ் டூ முடிச்சதும் அந்தக் கதவைத் தட்டுங்க. நான் இன்னிக்கு மதுரையில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்லதான் வேலை பார்க்கிறேன்.

ஆனா மேஜர் ஒரு கண்ணுன்னா மைனர் இன்னொரு கண்ணு. எங்க ஆபீஸுக்கு நர்சரி வெச்சிருக்கிறவர் வருவார், பூ கமிஷன் மண்டிக்காரர் வருவார். மத்தவங்க அவங்க குடுக்கிற பில்லைப் பார்ப்பாங்க, எனக்கு பில்லுக்குப் பின்னாடி இருக்கிற மழை மாசம் தெரியும். தமிழ் இலக்கியம் படிக்கிறவங்களா நீங்க? சங்கப் பாட்டுல வர்ற காந்தளையும் குறிஞ்சியையும் தொட்டுப் பார்க்கலாம். கெமிஸ்ட்ரியா? இலைக்கு ஏன் மஞ்சள் நோய் வருதுன்னு மண்ணோட பேசலாம். விஸ்காம்னா கேமராவுக்குத் தீனி. கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்களுக்கு ஒரே ஒரு லாபம்... வெயில்! அதுவும் தேவைதான் பாஸ்.

இப்ப யாராவது ‘எந்த ஊர்?’னு கேட்டா பேரை முழுசா சொல்றேன். சிரிச்சா, ‘நேத்து சாம்பார்ல என்ன காய்?’னு திருப்பிக் கேட்கிறேன்.

கிளம்புறதுக்கு முன்னாடி...

* தனியா போய் கேட்ல நிக்காதீங்க. உங்க டிபார்ட்மென்ட் மூலமா கடிதம் எழுதி, தேதி வாங்கிட்டுப் போங்க.

* மாம்பழம் பார்க்கணும்னா ஏப்ரல் முதல் ஜூன். ஒட்டுக்கட்டக் கத்துக்கணும்னா காத்துல ஈரம் இருக்கிற ஜூலை, ஆகஸ்ட்.

* கன்று வாங்கினா ஒட்டுப் போட்ட இடத்தைப் பாருங்க. நல்லா கூடியிருக்கணும். நட்டதுக்கப்புறம் அதுக்குக் கீழே துளிர் வந்தா கிள்ளிடுங்க. அது வேர்ச்செடியோட துளிர். விட்டா இமாம்பசந்த் போய், பேர் தெரியாத மாங்கா வரும். கட்டின பாலிதீன் நாடாவையும் மறக்காம அவிழ்த்துடுங்க.

* கும்பக்கரைக்கு வனத்துறை அனுமதிச்சா மட்டும் போங்க. மலையில மழை பெஞ்சா கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வரும்.

* விளக்கம் சொல்றவர்கிட்ட ஒரு கேள்வி கண்டிப்பா கேளுங்க. ‘இந்த ரகம் எந்த ஊர்லேர்ந்து வந்துச்சு சார்?’ பதில் உங்க ஊராவும் இருக்கலாம்.

மூணுல ஒண்ணு பிழைச்சுதே, அந்த மாங்கன்று... அது இப்ப கிணத்து மேட்டுல நிக்குது. போன வருஷம் முதல் தடவையா நாலு காய் பிடிச்சது. அப்பா ஒண்ணைக்கூட பறிக்க விடலை. ‘பழுக்கட்டும்லே. எந்த மரத்துத் தலைன்னு தின்னு பாத்துத்தான் சொல்லணும்’னார். பழுத்தது. இமாம்பசந்தேதான்!